கண்மாய் அயிரை ஒரே சிற்றினந்தானா? மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியை முழுதாக வாசிப்பது பற்றி

கண்மாய்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். சென்ற பங்குனியில் குன்றக்குடிப் பக்கம் ஒரு கண்மாயும், தேவகோட்டைக்குத் தெற்கே ஒரு கண்மாயும் வற்றி, ஊரார் இறங்கி மீன்பிடித்தபோது, மாணவர்களுடன் இரண்டு இடங்களுக்கும் போயிருந்தேன். இரண்டிலும் அயிரை கிடைத்தது. சந்தையில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் மேசைமேல் அருகருகே வைத்துப் பார்த்தபோது, குன்றக்குடிப் பக்கத்து மீன்களின் விலாவில் கரும்புள்ளிகள் வரிசையாகவும் தெளிவாகவும் இருந்தன. தேவகோட்டைப் பக்கத்து மீன்களில் புள்ளிகள் கலைந்து மங்கியிருந்ததோடு முகமும் சற்று மழுங்கியிருந்தது. எங்களிடம் உள்ள கையேடுகளின்படி இரண்டுமே லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்ற ஒரே சிற்றினம்தான்.

மாணவர் திட்டப்பணிக்காக எங்களுக்கு ஒரு சிறு நல்கை கிடைத்திருக்கிறது. அந்தத் தொகைக்குள் நாற்பது மீன்களின் சி.ஓ.ஐ. என்ற ஒரு மரபணுவின் பகுதியை மட்டும் வாசிக்கலாம், அல்லது நான்கைந்து மீன்களின் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியை (செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பின் டி.என்.ஏ.வை) முழுதாக வாசிக்கலாம் என்று ஆய்வகத்தில் சொல்லியிருக்கிறார்கள். முழுத் தொகுதி என்றால் ஆய்விதழில் எளிதாக இடம் கிடைக்கும் என்பது உடன் பணிபுரிவோர் கருத்து. எனக்கு ஆய்விதழைவிட அந்த மீனைப் பற்றிய கவலைதான் முதலில் வருகிறது. இவை ஒன்றா, இரண்டா என்ற கேள்விக்கு எந்த வழி நம்பத்தக்க விடையைத் தரும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நுண்ணோக்கி:

வணக்கம் அம்மா. பள்ளத்தூரில் பிறந்து இப்போது சென்னையில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாள்தோறும் கையாளும் பொருள் என்பதால், முதலில் இரண்டு வழிகளும் எதை வாசிக்கின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

விலங்குகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. பெரும்பாலும் ஒரு வளையம். முதுகெலும்புள்ளவற்றில் அதன் நீளம் ஏறத்தாழ 16,500 கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்துகள். மனிதனுடையது 16,569 என்பதை 1981இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக முழுதாக வாசித்து வெளியிட்டார்கள். இந்தச் சிறிய வளையத்தில் 37 மரபணுக்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன: புரதங்களுக்கானவை 13, கடத்து ஆர்.என்.ஏ.க்களுக்கானவை 22, ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்களுக்கானவை 2. இவை தவிர, மரபணு எதுவும் இல்லாத கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றும் உண்டு. மற்ற பகுதிகளைவிட விரைவாக மாறுவது அதுதான்.

சி.ஓ.ஐ. என்பது அந்த 13 புரத மரபணுக்களில் ஒன்று. அதன் முன்பாதியில் சுமார் 650 கார இணைகள் கொண்ட துண்டை விலங்குகளுக்கெல்லாம் பொதுவான அடையாளப் பட்டையாக (பார்கோடாக) கொள்ளலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹீபர்ட்டும் அவருடைய குழுவினரும் 2003இல் முன்மொழிந்தார்கள். மீன்களில் அது பயன்படுமா என்பதை 2005இல் ஆஸ்திரேலியாவில் 207 சிற்றின மீன்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே சிற்றினத்து மீன்களுக்குள் வேறுபாடு சராசரியாக 0.39 விழுக்காடாகவும், ஒரே பேரினத்தின் வெவ்வேறு சிற்றினங்களுக்கு இடையே 9.93 விழுக்காடாகவும் இருந்தது. இவ்வளவு அகன்ற இடைவெளி இருப்பதால்தான் அந்தச் சிறு துண்டே பல நேரங்களில் போதுமானதாகிறது.

ஆகவே, உங்கள் கேள்வி 'ஒன்றா, இரண்டா' என்பது மட்டுமானால் நாற்பது மீன்களின் சி.ஓ.ஐ. என்பதே என் முதல் விடை. முழுத் தொகுதி அதைவிடப் பெரிய கேள்விகளுக்கானது. இந்த மீன் எந்தக் கிளையிலிருந்து எப்போது பிரிந்தது, பேரினத்துக்குள் எதன் பக்கத்தில் நிற்கிறது என்பன போன்றவற்றுக்கு 650 எழுத்துகள் போதமாட்டா.

வலசைப்பறவை:

நான் திருப்பத்தூரைச் சேர்ந்த இளங்கலை மாணவன். அடிப்படையான ஒன்றைக் கேட்பதற்கு மன்னிக்கவும். உட்கருவில் கோடிக்கணக்கான எழுத்துகள் இருக்கும்போது, எல்லோரும் ஏன் இந்தச் சிறு வளையத்தையே தேடிப் போகிறார்கள், அக்கா?

நுண்ணோக்கி:

நல்ல கேள்வி, தம்பி. ஒரு செல்லில் உட்கரு டி.என்.ஏ.வுக்கு இரண்டு படிகள்தான், அதாவது நகல்கள்தான், உண்டு. மைட்டோகாண்ட்ரிய வளையத்துக்கோ நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை படிகள் உண்டு. எனவே காய்ந்த கருவாடு, உதிர்ந்த முடி, பழைய தோல் போன்ற சிதைந்த பொருள்களிலும் ஏதோ ஒரு படியாவது வாசிக்கத்தக்க நிலையில் எஞ்சியிருக்கும். அழிந்துபோன விலங்கின் டி.என்.ஏ.வை மனிதர் முதன்முதலாக வாசித்ததே இதனால்தான். தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து மறைந்த குவாகா என்ற வரிக்குதிரையின் ஏறக்குறைய 140 ஆண்டுப் பழைய அருங்காட்சியகத் தோலிலிருந்து 1984இல் 229 எழுத்துகள் கிடைத்தன. அவை மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரியவை. அந்தச் சிறு துண்டைக் கொண்டே அது குதிரையைவிட வரிக்குதிரைக்கு நெருங்கியது என்று சொல்ல முடிந்தது.

இரண்டாவது காரணம், முதுகெலும்புள்ளவற்றில் இது உட்கருவைவிடப் பொதுவாக விரைவாக மாறுகிறது. அண்மையில் பிரிந்த சிற்றினங்களுக்கிடையிலும் வேறுபாடு தென்படும். மூன்றாவது காரணம், பெரும்பாலான விலங்குகளில் இது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தந்தையின் பங்கோடு கலந்து குழம்புவதில்லை என்பதால் தாய்வழியை நேராகப் பின்தொடரலாம். நன்னீர் மட்டிகள் பலவற்றில் ஆண்களுக்குத் தந்தைவழி வளையமும் வந்து சேர்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் மட்டியை ஆராய நினைத்தால் இந்த வேறுபாடு தெரியாமல் தொடங்கக் கூடாது.

ஐதராபாத்தில் லால்ஜி சிங், சுனில் குமார் வர்மா ஆகியோர் 2003இல் வெளியிட்ட பொதுப் பிரைமர்களும் (வாசிக்க வேண்டிய துண்டின் இரு முனைகளிலும் ஒட்டி, அதைப் பெருக்க உதவும் சிறு டி.என்.ஏ. இழைகள்) மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் பி மரபணுவைச் சார்ந்தவைதான். பிடிபட்ட இறைச்சி எந்த விலங்கினுடையது என்ற வழக்குகளுக்காகவே அவை உருவாக்கப்பட்டன.

பர்மாத்தேக்கு:

மீன் வகைப்பாட்டில் பல ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறேன். டி.என்.ஏ.வுக்குப் போகுமுன் கண்மாய்க்கரை அம்மையாரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். ஆண் எது, பெண் எது என்று பிரித்துப் பார்த்தீர்களா? இந்தப் பேரினத்தில் ஆண் மீனின் மார்புத் துடுப்பில் உட்புறக் கதிர்கள் தடித்து இணைந்திருக்கும். பெண்ணில் அப்படி இராது. பெண்கள் பொதுவாகப் பெரியவை. ஒரு கண்மாயில் பெண்களையும் மற்றொன்றில் ஆண்களையும் அதிகமாக எடுத்துவிட்டு, இரண்டு சிற்றினங்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்தது பெயர். தெர்மாலிஸ் என்ற பெயரை 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் வைத்தார். அந்தப் பெயருக்கு மூலமான மீன் வந்த இடம் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்று. 'தெர்மாலிஸ்' என்ற சொல்லுக்கே அந்த வெந்நீர்தான் காரணம். வகைப்பாட்டு விதிப்படி அந்தப் பெயருக்கு முதல் உரிமை கன்னியா மீனுக்கு உண்டு. நம் கண்மாய் மீனுக்கு அந்தப் பெயர் ஒப்புமையால் வந்தது. செட்டிநாட்டில் இரண்டு கிளைகள் இருப்பதாகவே தெரியவந்தாலும், எது தெர்மாலிஸ், எது பெயரில்லாதது என்று சொல்வதற்குக் கன்னியா மீனை அருகில் வைத்துப் பார்த்தாக வேண்டும். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கத்து மீன் ஒன்றின் டி.என்.ஏ. எழுத்து வரிசை கையில் இல்லாமல், இந்தப் பக்கம் எத்தனை வரிசைகள் இருந்தாலும் பெயர் தீர்மானமாகாது.

இது கற்பனையான இடர்ப்பாடு அன்று. நம் நாட்டு மாகூர் கெளுத்தியைப் பல தலைமுறை மாணவர்கள் கிளாரியஸ் பட்ராகஸ் என்றே படித்தோம். லின்னேயஸ் 1758இல் வைத்த அந்தப் பெயர் ஜாவாத் தீவு மீனுக்கு உரியது என்றும், நம்முடையது ஹாமில்டன் 1822இல் பெயரிட்ட கிளாரியஸ் மாகூர் என்றும் பின்னர் தெளிவானது. அதற்குள் இந்திய மீன்களின் வரிசைகள் பழைய பெயரிலேயே தரவுத்தளங்களில் சேர்ந்துவிட்டன. கணினி தரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளும் மாணவனுக்கு, அந்த வரிசையோடு மீனின் உடல் எங்காவது பாதுகாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை யார் கற்பிக்கிறார்கள்?

கண்மாய்க்கரை:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்தவுடன் ஆல்கஹாலில் வைத்திருந்த மீன்களை எடுத்து உருப்பெருக்கியின்கீழ் மறுபடியும் பார்த்தேன். குன்றக்குடிப் பக்கத்துப் பதினேழு மீன்களில் ஆறில் துடுப்புக் கதிர்கள் தடித்திருக்கின்றன. தேவகோட்டைப் பக்கத்துப் பத்தொன்பதில் எட்டில் தடித்திருக்கின்றன. இரண்டு இடங்களிலும் ஆணும் பெண்ணும் இருக்கின்றன. புள்ளி வேறுபாடு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகவே தென்படுகிறது. முதலிலேயே இதைச் செய்திருக்க வேண்டும். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

மடைவாய்:

சிங்கம்புணரிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். எங்கள் குடும்பம் பல ஆண்டுகள் கண்மாய் மீன்பாசி ஏலம் எடுத்த குடும்பம். மரபணு பற்றி எனக்குத் தெரியாது. அயிரை பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அயிரையின் நிறம் தரையைப் பொறுத்தது. செம்மண் கலங்கிய கண்மாயில் பிடித்த அயிரை வெளுத்து மங்கியிருக்கும். மணல் தெளிந்த ஓடையில் பிடித்தது புள்ளி புள்ளியாகத் தெரியும். எங்கள் அப்பத்தா குழம்பு வைப்பதற்கு முன்பு உயிருள்ள அயிரையைப் பாலில் விடுவார். அது குடித்துக் கக்கி வயிற்று மண்ணை வெளியே தள்ளிவிடும். அந்தச் சட்டியில் கொஞ்ச நேரம் கிடந்தாலே நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏலம் எடுத்தவர்கள் மழைக்குப் பிறகு கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். அந்தக் குஞ்சுகள் வெளி மாவட்டங்களிலிருந்து பிளாஸ்டிக் பைகளில் வரும். பையைப் பிரித்து ஊற்றும்போது வேறு பொடிமீன்களும் சேர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு, நிறைந்த கண்மாய் கலுங்கு வழியாகக் கீழ்க்கண்மாய்க்கு மறுகால் போகும்போது மீனும் போகும். நீங்கள் எடுத்த அயிரை அந்தக் கண்மாயின் பழைய மீனா, பையில் வந்த மீனின் பிள்ளையா என்று எப்படிச் சொல்வீர்கள்?

செம்மண்பூமி:

மடைவாய் அண்ணன் கேட்டிருப்பது இந்த இழையின் மையக் கேள்வி என்று கருதுகிறேன். புதுவயலைச் சேர்ந்த நான் பெங்களூரில் மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயும் பணியில் இருக்கிறேன்.

மைட்டோகாண்ட்ரிய வளையத்தில் 37 மரபணுக்கள் இருப்பதால் 37 தனித்தனிச் சான்றுகள் கிடைப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவை அனைத்தும் ஒரே வளையத்தில் பிணைந்து, தாயிடமிருந்து மகளுக்கு ஒன்றாகவே போகின்றன. ஆகவே முழுத் தொகுதியை வாசிப்பது, ஒரே சாட்சியை இன்னும் நீண்ட நேரம் பேச விடுவது போன்றது. அவர் சொல்வது தெளிவாகும், தடுமாற்றம் குறையும். ஆனாலும் சாட்சி ஒருவர்தான். வெளியிலிருந்து வந்த ஒரு பெண் மீன் உள்ளூர் ஆண்களோடு கூடி, அதன் பெண் வாரிசுகள் தொடர்ந்து உள்ளூர் ஆண்களோடு கூடினால், சில தலைமுறைகளில் உடலும் உட்கருவும் பெரும்பாலும் உள்ளூர் மீனாகிவிடும். மைட்டோகாண்ட்ரியா மட்டும் வெளியூராகவே நிற்கும்.

ஆப்பிரிக்க யானைகளில் இப்படியே நிகழ்ந்திருக்கிறது. உட்கரு மரபணுக்களின்படி புல்வெளி யானைகளாக உள்ள சில கூட்டங்களில் காட்டு யானையின் மைட்டோகாண்ட்ரியா காணப்படுகிறது. காட்டு யானைப் பெண்களோடு புல்வெளிக் களிறுகள் தலைமுறை தலைமுறையாகக் கூடியதன் எச்சம் அது. மனிதக் கிளையிலும் சான்று உண்டு. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த விரலெலும்பின் மைட்டோகாண்ட்ரிய மரபணுத்தொகுதியை 2010இல் முழுதாக வாசித்தபோது, அந்த மனிதர் நியாண்டர்தால் என்ற மறைந்த மனித இனத்துக்கும் நமக்கும் பொதுவான கிளையிலிருந்து ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்தவர் என்று தோன்றியது. அதே ஆண்டில் அதே எலும்பின் உட்கருத் தொகுதி வாசிக்கப்பட்டபோது, அவர் நியாண்டர்தாலுக்கு நெருங்கிய உறவினர் என்று தெரிந்தது. 16,500 எழுத்துகளையும் பிழையின்றி வாசித்த பின்னும் உறவுமுறை மாறியது என்பதைக் கவனியுங்கள்.

வேறொரு பொறியும் உண்டு. மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வின் துண்டுகள் பரிணாமப் போக்கில் உட்கருவுக்குள் நுழைந்து அங்கே செயலற்ற படிகளாகத் தங்கிவிடும். டி.என்.ஏ. துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை அந்தப் போலிப் படியையும் பெருக்கித் தந்துவிடலாம். அதைப் பிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது: கிடைத்த வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். புரதம் இத்துடன் முடிகிறது என்று காட்டும் நிறுத்தக் குறி இடையில் வந்தால் ஐயப்படுங்கள். ஆனால் முதுகெலும்புள்ளவற்றின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உரிய குறியீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். உட்கருவில் நிறுத்தக் குறியாக உள்ள டி.ஜி.ஏ. என்ற மூன்றெழுத்து இங்கே டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். உட்கருவில் ஆர்ஜினைனைக் குறிக்கும் ஏ.ஜி.ஏ. இங்கே நிறுத்தமாகக் கொள்ளப்படுகிறது. பொது அட்டவணையில் போட்டுவிட்டு, நல்ல வரிசையைக் குப்பை என்று தூக்கி எறிந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்து உழைப்பு அப்படிப் போவது மனத்தை வருத்துகிறது.

என் கருத்து: நாற்பது மீன்களின் சி.ஓ.ஐ.யை வாசியுங்கள். மிச்சம் இருந்தால் உட்கருவிலிருந்தும் ஒரு மரபணுவை ஏழெட்டு மீன்களிலாவது வாசியுங்கள். முழுத் தொகுதி இப்போது வேண்டாம்.

நுண்ணோக்கி:

செம்மண்பூமி சொன்ன எச்சரிக்கைகள் அனைத்தையும் ஏற்கிறேன். 'முழுத் தொகுதி வேண்டாம்' என்ற முடிவை மட்டும் ஏற்க இயலவில்லை. தொடக்கத்தில் நானே சி.ஓ.ஐ. போதும் என்றுதான் எழுதினேன். மடைவாய் அண்ணனின் பதிவைப் படித்த பிறகு அந்த விடை குறைபாடுள்ளது என்று எண்ணுகிறேன்.

முழுத் தொகுதியை இப்போது பி.சி.ஆர். இல்லாமலே எடுக்கலாம். மீனின் மொத்த டி.என்.ஏ.வையும் மேலோட்டமாகவும் குறைந்த அளவிலும் வாசித்தால், உட்கரு ஒருமுறைகூட முழுமையாக வாசிக்கப்பட்டிராது. படிகள் மிகுதியாக இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா மட்டும் பல பத்து முறை வாசிக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டுகளை நோவோபிளாஸ்டி, கெட்ஆர்கனெல் போன்ற மென்பொருள்கள் கோத்து வளையமாக்கித் தரும். மரபணுக்களின் எல்லைகளைக் குறிக்க மைட்டோஸ் இருக்கிறது. மீன்களுக்கென்றே டோக்கியோவில் உருவாக்கிய மைட்டோபிஷ் தளமும் இருக்கிறது. பொதுப் பிரைமர் ஒட்டாமல் பி.சி.ஆர். தோற்றுப்போகும் தொல்லை இதில் இல்லை. உட்கருப் போலிப் படிகள் வாசிக்கப்படும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் என்பதால் அவையும் எளிதில் விலகிவிடும். இதைவிட முக்கியமானது, அதே தரவில் உட்கருவின் ரைபோசோம் மரபணுக்களும் பல படிகளாக வந்து சேர்கின்றன. ஆகவே செம்மண்பூமி கேட்கும் இரண்டாம் சாட்சியின் ஒரு பகுதி தனிச் செலவில்லாமல் கிடைக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் குறுந்துண்டுகள் தடுமாறும். அங்கே நானோபோர் போன்ற நீள்வாசிப்புக் கருவி உதவும்.

எனவே நாற்பதை இருபத்தைந்தாகக் குறைத்து, இரண்டு கண்மாய்களிலிருந்தும் ஒவ்வொரு மீனை மட்டும் முழுத் தொகுதிக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன்.

செம்மண்பூமி:

அக்கா, மேலோட்ட வாசிப்பின் தரவிலிருந்து உட்கருவின் ரைபோசோம் மரபணுக்களை எடுக்கலாம் என்பதை நான் கணக்கில் கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மரபணுக்கள் நெருங்கிய சிற்றினங்களுக்கிடையே பெரும்பாலும் மாறாமலே இருக்கும் என்பதால், அவை ஒத்திருந்தால் 'ஒரே சிற்றினம்' என்று முடிவு செய்துவிடக் கூடாது. அவற்றுக்கு இடைப்பட்ட, விரைவாக மாறும் ஐ.டி.எஸ். பகுதியைப் பாருங்கள். மற்றபடி உங்கள் பங்கீட்டை ஏற்கிறேன்.

வேறுபாட்டின் அளவு பற்றியும் முன்கூட்டியே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிடுவது நல்லது. 2005ஆம் ஆண்டின் அந்த 0.39 விழுக்காடு கடல் மீன்களை அடிப்படையாகக் கொண்டது. கடலில் தடையின்றிக் கலக்கும் மீனையும், வரத்துக்கால் வற்றினால் தனித்துவிடும் கண்மாய் மீனையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது. ஒரு விழுக்காட்டு வேறுபாடு கிடைத்தால் அது தனித்து நின்ற கூட்டம் என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. ஏழெட்டு விழுக்காடு வந்து, அதோடு உடல் வேறுபாடும் உட்கருவும் ஒத்துப்போனால் மட்டுமே சிற்றினம் என்ற பேச்சைத் தொடங்கலாம். விரால் பேரினமான சன்னாவின் பார்கோடுகளை 2017இல் மறுபடியும் ஆராய்ந்தவர்கள், பெயர்பெற்ற சிற்றினங்களைவிட மிக அதிகமான தனிக்கிளைகளைக் கண்டார்கள். அவர்கள் உடனே பெயர் சூட்டிவிடவில்லை. ஆழ்ந்த வகைப்பாட்டு மறுஆய்வு வேண்டும் என்றே எழுதினார்கள்.

பர்மாத்தேக்கு:

இந்த ஒழுங்கு எனக்கு மனநிறைவு தருகிறது. கண்ணாடி விரியனைத் தென்கிழக்காசிய விரியனிலிருந்து 2007இல் தனிச் சிற்றினமாகப் பிரித்தபோதும் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் வைத்துப் பிரிக்கவில்லை. செதில்களையும் உடல் அமைப்பையும் சேர்த்தே எடைபோட்டார்கள். நஞ்சுமுறிவு மருந்தோடு தொடர்புடைய பாம்பில் காட்டிய கவனத்தைக் குழம்புச் சட்டிக்குப் போகும் அயிரையிலும் காட்ட வேண்டும் என்பேன்.

மீன்களை எதில் வைக்கிறீர்கள் என்பதும் இதற்கு ஈடான முக்கியத்துவம் உடையது. நான் பணியாற்றிய ஓரிடத்தில் முந்தைய ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகள் அலைந்து சேர்த்த கண்மாய் மீன்கள் ஓர் அறை முழுவதும் ஃபார்மலின் புட்டிகளில் இருந்தன. ஃபார்மலின் உருவத்தைக் காக்கும், ஆனால் டி.என்.ஏ.வைப் பிணைத்தும் துண்டாக்கியும் கெடுத்துவிடும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். கட்டடம் வெள்ளையடித்தபோது புட்டிகளை வெளியே எடுத்து வைத்தார்கள். ஊர்ப்பெயரும் நாளும் எழுதிய சீட்டுகள் நனைந்து உரிந்துபோயின. எந்தக் கண்மாயில் பிடித்தது என்று தெரியாத முந்நூறு மீன்கள் என் கையில் எஞ்சின. இன்றும் அதை நினைத்தால் உறக்கம் கெடுகிறது. குஞ்சு விடும் வழக்கம் பரவுவதற்கு முன் இந்த நாட்டில் என்ன மீன் இருந்தது என்பதற்கு அவை சான்றாக இருந்திருக்க வேண்டியவை.

ஆகவே அம்மா, உயிருள்ளபோதே நிறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத் துடுப்பில் ஒரு சிறு துணுக்கை வெட்டி 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள். இடப்பக்கம் குலையாமல் இருக்கட்டும். உடலைத் தனியே பாதுகாத்து, துணுக்குக்கும் உடலுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

மடைவாய்:

ஐயா சொன்ன 'குஞ்சு விடுவதற்கு முந்தைய மீன்' என்ற சொல் என்னை யோசிக்க வைத்தது. எங்கள் ஊரில் குடிநீர் ஊருணி ஒன்று இருக்கிறது. நான்கு பக்கமும் கற்படி கட்டியது. அதில் யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, கால் நனைப்பதில்லை. மீன் பிடிப்பதும் இல்லை. ஏலமும் இல்லை, குஞ்சு விட்டதும் இல்லை. பக்கத்துப் பொட்டலில் பெய்யும் மழைதான் அதற்கு வரத்து. எந்தக் கண்மாயின் மறுகாலும் அதில் சேராது. படியில் உட்கார்ந்தால் அடியில் அயிரை ஓடுவது தெரியும். எங்கள் தாத்தா காலத்திலும் அது ஓடியது என்று சொல்வார்கள். அந்த மீன் உங்களுக்குப் பயன்படுமா? ஆனால் அதில் வலை இறக்க ஊர் சம்மதிக்காது. கேட்கவும் எனக்கு மனம் வராது.

நுண்ணோக்கி:

அண்ணா, இவ்வளவு நேரம் நாங்கள் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். பையில் வந்த மீன் கலக்காத ஒரு கூட்டம் கிடைத்துவிட்டால், மற்ற கண்மாய்களை அதனோடு ஒப்பிடலாம்.

வலை வேண்டியதில்லை. மீன் வாழும் நீரில் அதன் சளி, கழிவு, உதிர்ந்த செல்கள் வழியாக டி.என்.ஏ. கலந்திருக்கும். படியில் நின்றே இரண்டு லிட்டர் நீரை மொண்டு வடிகட்டினால் வடிதாளில் அது தங்கும். இதற்காக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட மைஃபிஷ் பிரைமர்கள் மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் ரைபோசோம் மரபணுவில் சுமார் 170 எழுத்துகளை வாசிக்கின்றன. நீரில் கிடைப்பது சிதைந்த டி.என்.ஏ. என்பதால் சிறு துண்டுதான் பெருகும்.

முழுத் தொகுதியின் பயன் இங்கேதான் வருகிறது. உங்களிடம் சி.ஓ.ஐ. மட்டும் இருந்தால், நீரில் கிடைத்த 12எஸ் துண்டை அதோடு ஒப்பிடவே வழியில்லை. இரண்டும் வளையத்தின் வெவ்வேறு இடங்கள். இரண்டு கண்மாய்களின் முழு வளையங்களும் கையில் இருந்தால் எந்தத் துண்டையும் பொருத்திப் பார்க்கலாம். மைஃபிஷ் பகுதியில் இரண்டு கிளைகளும் ஒன்றுபோல இருந்துவிட்டால், 16,500 எழுத்துகளில் அவை மிகுதியாக வேறுபடும் இடத்தைத் தேடி, அதற்கென்றே ஒரு சிறு பிரைமர் இணையை நாமே வடிவமைக்கலாம்.

செம்மண்பூமி:

முழுத் தொகுதியை எதிர்த்தவன் நான். ஊருணி நீருக்கு அது தேவை என்பதை மறுக்க முடியவில்லை. ஒரு மீன் போதாது. ஒரு கண்மாய்க்கு இரண்டு மீனாவது வேண்டும். ஒரே மீனின் வளையத்தை வைத்துப் பிரைமர் செய்தால், அந்த மீனுக்கு மட்டும் உரிய மாற்றத்தைக் கிளைக்கே உரியதாக எண்ணிவிடுவோம். சி.ஓ.ஐ.யை முதலில் வாசித்து, ஒவ்வொரு கண்மாயிலும் பெரும்பான்மையாக உள்ள வகையைக் கண்டறிந்து, அதிலிருந்து முழுத் தொகுதிக்கான மீனைத் தேர்ந்தெடுங்கள்.

வலசைப்பறவை:

எங்கள் ஊருக்கு அருகில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்தக் கண்மாய் நீரையும் இதேபோல் வடிகட்டிப் பார்க்கலாமா, அக்கா? நான் எடுத்து வந்து தருகிறேன்.

கண்மாய்க்கரை:

தம்பி, உன் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் சரணாலயம். வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அங்கே நீரைக்கூட ஆய்வுக்கு எடுக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் இறகையும் தொடக் கூடாது. கல்லூரி வழியாக முறையாக விண்ணப்பிப்போம், அதற்கு நாள் ஆகும். அதுவரை நீ எங்கள் கண்மாய்களுக்கு வரலாம்.

ஐயா, அக்கா, தம்பி, அண்ணன், உங்கள் அனைவரின் கருத்துகளையும் வைத்து இப்படித் தீர்மானித்திருக்கிறேன். இரண்டு கண்மாய்களிலிருந்தும் பன்னிரண்டு பன்னிரண்டு மீன்களின் சி.ஓ.ஐ. முதலில். அதன் விடையைப் பார்த்துக் கண்மாய்க்கு இரண்டு மீன் வீதம் முழுத் தொகுதி. பிறகு ஊருணி நீர். கன்னியா மீனின் வரிசைக்காக இலங்கைப் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதுவேன். அது வரும்வரை எந்த மீனையும் 'தெர்மாலிஸ்' என்று உறுதியாக எழுதாமல், 'தெர்மாலிஸ் போன்றது' என்றே தரவுத்தளத்தில் பதிவோம். மடைவாய் அண்ணன், ஊருணிப் படியில் நின்று நீர் எடுப்பதற்கு மட்டுமாவது ஊரில் கேட்டுச் சொல்வீர்களா?

மடைவாய்:

நேற்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். நீர் எடுப்பதற்குத் தடையில்லை என்றார்கள். செருப்பைக் கரையிலேயே விட வேண்டும், குடத்தைக் கழுவி இறக்க வேண்டும், கால் தண்ணீரில் படக் கூடாது, இவ்வளவுதான் நிபந்தனை. இந்த நீரில் என்ன மீன் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பள்ளிக்கூடத்தில் மாட்டிவைக்கிறோம் என்று தலைவர் சொன்னார்.

ஒரு வேண்டுகோள். குன்றக்குடிப் பக்கம் வீசிய வலையைக் காயவைக்காமல் தேவகோட்டைப் பக்கத்துக் கண்மாயில் இறக்க வேண்டாம். அயிரை வலைக் கண்ணில் சேற்றோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் உயிரோடு கிடக்கும். இரண்டு இடத்துக்கும் தனித்தனி வலை கொண்டு வாருங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், என்னிடம் இரண்டு இருக்கின்றன.